ஒரு வாவிக்கு எத்தனை பெயர்!

"தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை." பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்நாளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாடசாலையில் ஒப்படை ஒன்று கொடுத்திருப்பார்கள். மட்டக்களப்பு வாவியைப் பற்றியோ, ஊர்க்கூத்தைப் பற்றியோ, கோட்டையைப் பற்றியோ பத்துப் பக்கம் எழுதவேண்டும். பிள்ளை கைபேசியை எடுத்து இரண்டு சொற்களைத் தட்டும். உல்லாச விடுதிகளின் விளம்பரமும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய நான்கு வரிக் குறிப்புகளும் வந்து நிற்கும். அத்துடன் தேடல் முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்திற் பயின்று ஆய்வுக் கட்டுரை எழுதப் புகும் மூத்த பிள்ளைகளின் நிலையும் இதற்கு வெகுதூரம் அன்று.

இதில் நேர விரயம் மாத்திரமே உண்டென்றால் நாம் இவ்வளவு கவலைப்பட மாட்டோம். "எங்கள் நாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை" என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிடுகிறதே, அதுதான் பெருநட்டம். மட்டக்களப்பைப் பற்றி நானூறு ஆண்டுகளாகப் பல மொழிக்காரர் எழுதி வந்திருக்கின்றனர். ஆனால் இன்றைய பிள்ளை கைபேசியில் தட்டும் சொல்லை அவர்கள் எழுதவில்லை. பூட்டும் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது. கையிலிருப்பது வேறு பெட்டியின் சாவி.

வாசகர்கள் நன்கறிந்த ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பூரணை இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக் கேட்டால் இன்னொலி கேட்கும் என்பது நம் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருவது. இதனை ஆராய விரும்பும் மாணவன் முதலிலே "பாடும் மீன்" என்று தேடுவான். கிடைப்பவை எவை? "மீன்பாடும் தேன்நாடு" என்று தொடங்கும் மேடைப் பேச்சுகள், விளையாட்டுக் கழகங்கள், மலர்கள், வாழ்த்துப் பாக்கள். அழகிய பட்டப்பெயர்தான், நாமும் அதைச் சொல்லி மகிழ்பவர்களே. ஆயினும் ஆராய்ச்சிக்கு அது பெரிய இடையூறு. ஒரு சொல் எவ்வளவுக்கு எவ்வளவு புகழ்பெற்றதோ, அவ்வளவுக்கவ்வளவு தேடுசொல்லாகப் பயன் குன்றியது.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, நிலவு எழுந்தபின் மீனவரோடு தோணியிற் சென்று அவ்வொலியைத் தம் காதாற் கேட்டார். பின்னர் 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய பெருநூலிலும், 1861இல் வந்த இயற்கை வரலாற்று நூலிலும் அதனை விரிவாக எழுதினார். ஆனால் அவர் எடுத்தாளும் தொடர் "இசையொலிகள்" என்பது. ஆங்கிலத்தில் "மியூசிக்கல் சவுண்ட்ஸ்". அதுமட்டுமன்று, ஒலிப்பது மீனன்று, சிப்பி நத்தை இனத்தைச் சேர்ந்த ஓர் உயிராகலாம் என்பதே அவர் கருத்து. ஆகவே "மீன்" என்ற சொல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேடுபவன் இவ்விஷயத்தின் மிக முக்கியமான பழைய சான்றையே தவறவிட நேரும்.

இன்னும் ஒன்று. மீனவர் அந்த உயிருக்குச் சொன்ன தமிழ்ப் பெயரையும் டெனன்ற் துரை எழுதி வைத்தார். ஆங்கில எழுத்திலே அது "ஊரி கூலூரூ க்ராடு" என்று படிக்கத்தக்கதாக நிற்கிறது. "அழும் சிப்பி" என்று பொருளும் சொல்கிறார். வாய்விட்டு இரண்டு முறை படித்தால் "ஊரி குளறுகிறது" என்ற நம் மீனவரின் பேச்சு உள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. அதுவே மூலமாதல் வேண்டும் என்பது நம் கருத்து. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மீனவன் சொன்ன வாய்மொழி, பிறமொழி எழுத்துக்குள் அகப்பட்டு உருமாறிக் கிடக்கிறது. "ஊரி" என்ற சொல்லைத் தமிழிலும், அந்த உருக்குலைந்த தொடரை ஆங்கில எழுத்திலும் தேடுபவனுக்கே அது அகப்படும்.

தமிழிலக்கியப் பக்கம் வந்தாலும் இதே கதை. சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே மட்டக்களப்பு வாவியின் இன்னொலியை அமைத்துப் பாடியிருக்கிறார். அங்கே பாடுவோர் "நீரர மகளிர்". நீரில் வாழும் தெய்வப் பெண்கள். "பாடும் மீன்" என்று மாத்திரம் தேடும் பிள்ளைக்கு அடிகளாரின் பாட்டு கிட்டாமற் போகலாம். விஞ்ஞானியிடம் போனாலோ அவர் "பாடுதல்" என்ற சொல்லையே ஒப்புக்கொள்ளமாட்டார். "மீன்களின் ஒலியெழுப்பல்" என்பார்; ஆங்கிலத்தில் "ஃபிஷ் சவுண்ட் ப்ரொடக்சன்" என்றும், அத்துறையை "பயோஅகூஸ்டிக்ஸ்" என்றும் வழங்குவார். இச்சொற்களைக் கொண்டு தேடினால் கலிபோர்னியாவிலே சோசலிற்றோ என்னும் ஊரில் படகுவீடுகளில் வாழ்வோரின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்த "மிட்சிப்மன்" மீனின் கதை கிடைக்கும். ஆண்மீன் தன் காற்றுப்பையைச் சுற்றிய தசைகளை அதிரச் செய்து பெண்மீனை அழைக்கும் ஓசை அது. நம் வாவியின் ஒலிக்கும் அதற்கும் உறவுண்டென்று நாம் சொல்ல வரவில்லை. ஒப்புநோக்க ஒரு வழி திறக்கிறது என்கிறோம். டெனன்ற் தாமும் பம்பாய்த் துறைமுகத்தையும் சிலி நாட்டுக் கரையையும் இவ்வகை ஒலி கேட்ட இடங்களாகக் குறித்தவரே.

ஆக, ஒரே பொருளுக்கு மீனவன் ஒரு சொல், துரை ஒரு சொல், புலவன் ஒரு சொல், விஞ்ஞானி ஒரு சொல் வைத்திருக்கின்றனர். "இந்தப் பொருளைப் பற்றி எழுதக்கூடியவர் யார் யார்? அவரவர் இதனை என்ன பெயரால் அழைத்திருப்பர்?" என்ற கேள்வியைத் தாளில் எழுதி விடை கண்ட பின்னரே கைபேசியைத் தொடவேண்டும். பெற்றோர் இதில் உதவலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பழைய பேச்சு ஞாபகத்தில் இருந்தாற் போதும்.

ஊர்ப்பெயர் செய்யும் குழப்பம்

"மட்டக்களப்பு" என்ற பெயரையே பார்ப்போம். 1602இல் இங்கு வந்திறங்கிய ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பெர்கனின் குறிப்புகளில் அது "மட்டெக்கலோ" என்று நிற்கும். பிற ஐரோப்பிய ஏடுகளில் "பட்டெக்கலோ", "பட்டிக்கலோ" என்று பல வடிவம். சிங்களத்திலே "மடகலப்புவ". கோட்டை அமைந்த தீவுக்குப் புளியந்தீவு என்று தனிப்பெயர். நம்மவரே "மட்டுநகர்" என்பர், பத்திரிகைத் தலைப்பில் "மட்டு." என்று முடித்துவிடுவர், அவசரத்தில் ஓர் ஒற்றை விழுங்கி "மட்டகளப்பு" என்று அச்சிடுவோரும் உளர். இத்தனையும் தேடவேண்டிய வடிவங்களே. பிழையான எழுத்தைத் தேடுவது பிழையாகாது.

வாவிக்கும் இதே கதிதான். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பை நாம் வாவி என்றும் களப்பு என்றும் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தார் தம்முடையதைக் கடனீரேரி என்பர். தமிழ்நாட்டிலே பழவேற்காட்டில் உள்ளதும் இதே இனத்து நீர்நிலைதான். அதனை அங்கே ஏரி என்றே வழங்குவர். தெற்கேயும் மலையாள நாட்டிலும் காயல் என்பர். நாம் கண்டல் என்பதை அங்குள்ளோர் அலையாத்தி என்று எழுதுவர். நாம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்போம். அவர்கள் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர் என்பர். 2004 டிசெம்பர் 26இல் வந்த பேரழிவைச் சிலர் சுனாமி என்றும், சிலர் ஆழிப்பேரலை என்றும், வேறு சிலர் பழந்தமிழ்ச் சொல்லை எடுத்துக் கடற்கோள் என்றும் எழுதினர். ஒரு சொல்லோடு நின்றவன் மூன்றில் ஒரு பங்கு வாசலைத்தான் தட்டியிருக்கிறான்.

நாட்டின் எல்லையும் பெயரும் மாறிய ஆண்டுகளை அறிந்திருப்பது இதனிலும் முக்கியம். 1961ஆம் ஆண்டுவரை அம்பாறை என்று தனி மாவட்டம் இல்லை. அப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் பழைய செய்திகள் வேண்டுவோர் "அம்பாறை மாவட்டம்" என்று தேடினால் 1961க்கு முந்திய ஏடுகள் அகப்படுவது எங்ஙனம்? எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட நூலை விரித்தால் அவ்வூர்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். அவ்வாறே 1972வரை உலகம் இந்நாட்டைச் "சிலோன்" என்றே அழைத்தது. "ஸ்ரீலங்கா" என்று தட்டி டெனன்றைத் தேடுவது வீண்வேலை.

ஆட்களின் பெயரும் மாறும். காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனார் துறவு வாழ்வில் முதலிற் பிரபோத சைதன்யர் எனப் பெயர் பெற்று, 1924இல் விபுலாநந்தர் ஆனார். அவரது இளமைக்கால எழுத்தைத் தேடுவோர் பண்டிதர் மயில்வாகனம் என்ற பெயரையும், இடைக்காலத்துக்குப் பிரபோத சைதன்யர் என்ற பெயரையும் கைக்கொள்ளல் வேண்டும். "விபுலானந்தர்" என்று றன்னகரம் இட்டு எழுதுவோரும் உண்டென்பதை மறவாதீர்கள்.

சீர்காழிக்காரர் காட்டிய வழி

அதே 1892இல் சோழநாட்டுச் சீர்காழியிலே மற்றொருவர் பிறந்தார். கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகவியலுக்கே உலகப் பெயர் தேடித் தந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை நூல்களை அடுக்குவதற்கென்று எழுந்தது. ஆயினும் நாம் அதனைச் சொல் தேடுவதற்கும் பயன்படுத்தலாம். எந்த விஷயத்தையும் ஐந்து முகமாக நோக்கலாம் என்பது அவர் பிற்பாடு வகுத்த கொள்கை: விஷயத்தின் நடுநாயகமாய் நிற்பது எது, அதன் மூலப்பொருள் அல்லது தன்மை எது, அதில் நிகழும் செயல் எது, இடம் எது, காலம் எது.

ஒரு மாணவி, முகத்துவாரம் திறப்பதும் அடைபடுவதும் வாவியின் இறால் வரவைப் பாதிக்கின்றனவா என்று ஆராயப் புகுகிறாள் என்க. அந்த வாக்கியத்தை அப்படியே தட்டினால் பயன் சொற்பம். ஐந்து முகமாகப் பிரிக்கட்டும். நடுநாயகம் இறால். அதை "றால்" என்றும் நம்மவர் எழுதுவர். ஆங்கிலத்தில் "ப்ரோன்" என்றும் "ஷ்ரிம்ப்" என்றும் இரண்டு. விஞ்ஞானப் பெயர் எல்லா மொழிக்கும் பொதுவாதலின் மிகச் சிறந்த தேடுசொல். ஆனால் அதுவும் நிலையானதன்று. வெள்ளை இறாலில் ஒருவகை நெடுங்காலம் "பெனேயஸ் இண்டிகஸ்" என்றிருந்து, 1997இல் நடந்த பெயர்த் திருத்தத்தின்பின் "ஃபென்னரோபெனேயஸ் இண்டிகஸ்" என்று பலரால் எழுதப்பட்டது. இன்று பழைய பெயருக்கே மீண்டவர்களும் உளர். இரண்டையும் தேடாதவள் பல ஆண்டு ஆய்வுகளை இழப்பாள். தன்மை என்ற முகத்தில் உவர்ப்பு, நீர்மட்டம் முதலியன வரும். செயல் என்ற முகத்தில் முகத்துவாரம் வெட்டுதல், குஞ்சுகளின் வருகை, பிடிபாடு. இடம் என்றால் வாவியின் பெயர் போதாது. பாலமீன்மடு, கல்லாறு என்ற ஊர்ப்பெயர்களும் வேண்டும். காலத்துக்கு ஆண்டெண் மாத்திரமன்றி "மாரி", "வடகீழ்ப் பருவக்காற்று" என்ற சொற்களும் பயன்படும்.

இவ்வாறு கிடைத்தவற்றை ஒரே மூச்சில் வரிசையாகத் தட்டிவிடக் கூடாது. சொல் கூடக் கூட விடை குறையும். குறையக் குறைய விடை பெருகும். ஒரு முகத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஜோர்ஜ் பூல் என்ற ஆங்கிலக் கணிதர் 1854இல் வெளியிட்ட தர்க்க நூலின் பயனை இன்று தேடற்பொறிகளிற் காண்கிறோம். ஒரே பொருளின் மாற்றுப் பெயர்களுக்கிடையே ஆங்கிலத்து "ஓர்" என்னும் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டால் இதுவோ அதுவோ வந்தாற் போதும் என்பது பொருள். தொடரை மேற்கோட் குறிக்குள் அடைத்தால் அத்தொடர் அப்படியே வருமிடத்தைத் தேடும். வேண்டாத சொல்லின் முன்னே இடைவெளியின்றிக் கழித்தற் குறியிட்டால் அது விலகும். "மட்டக்களப்பு வாவி" என்று எழுதி, "விடுதி", "ஹோட்டல்" என்ற சொற்களைக் கழித்துப் பாருங்கள். பெருங்கூட்டம் கலைந்து வழி தெரியும்.

தமிழுக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. நம் சொற்கள் வேற்றுமை ஏற்றும் புணர்ந்தும் உருமாறுபவை. "வாவி" என்று தேடினால் "வாவியின்", "வாவிக்கரை" என்பன அகப்படுமா என்பது தேடும் இடத்தைப் பொறுத்தது. சில இடங்களில் அகப்படா. "மட்டக்களப்புத் தமிழகம்" என்னும் வி. சீ. கந்தையாவின் நூலைத் தகரவொற்று விட்டும் இட்டும் தேடல் நன்று. கூத்தைப் பற்றித் தேடுவோர்க்கு ஆங்கில எழுத்தில் வரும் தொல்லை சொல்லி முடியாது. ஒருவர் எழுதியதைப் படித்தால் தலையிற் குட்டு வாங்கியது போலிருக்கும். மற்றவர் இரண்டு "ஓ" இட்டு எழுதுவார். தெருக்கூத்து என்று தட்டினாலோ தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்வோம். நமக்கு வேண்டிய சொற்கள் வடமோடி, தென்மோடி, அண்ணாவியார், களரி என்பன.

எழுத்துரு விவகாரம் வேறு இருக்கிறது. யூனிக்கோட் பரவுமுன் இலங்கையிலே பெரும்பாலான தமிழ் ஆவணங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டன. கண்ணுக்கு அவை தமிழ். கணினிக்கோ ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த பொருளற்ற கோவை. நாம் தமிழில் தட்டும் சொல் அங்கே ஒருபோதும் பொருந்தாது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்திற் சேர்த்துவரும் "நூலகம்" தளத்திற்கூடப் பழைய ஏடுகள் பல, பக்கங்களின் படங்களாகவே உள்ளன. அங்கே நூலின் உள்ளே உள்ள சொல்லைவிட, நூற்பெயர், ஆசிரியர் பெயர், பொருள் தலைப்பு ஆகியவற்றையே தேடுசொல்லாகக் கொள்வது உத்தமம். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் போன்ற நூலுக்கு "வரலாறு" என்று தேடிப் பயனில்லை. "மான்மியம்" என்ற சொல்லை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். அப்படி ஒரு சொல் உண்டென்று சொல்லக்கூடியவர் யார்? நூலகர்தான். பட்டியலைப் பல்லாண்டாகக் கையாளும் நூலகரிடம் ஐந்து நிமிடம் பேசுவது, தனியே ஐந்து மணிநேரம் திரையைப் பார்ப்பதிலும் மேல். பிள்ளைகள் இதற்கு ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டுவிட்டால் அதனை இருமுறை படிக்கவேண்டும்: விஷயத்துக்காக ஒருமுறை, சொற்களுக்காக ஒருமுறை. அதன் ஆசிரியர் கையாண்ட பெயர்கள், அடியில் "திறவுச்சொற்கள்" என்று அவரே கொடுத்தவை, அவர் காட்டும் பிறர் நூல்களின் தலைப்புகள் ஆகியன யாவும் அடுத்த தேடலுக்கு முதல்.

மற்றொரு வழியையும் சொல்லிவிடுகிறோம். படுவான்கரையில் வயல் செய்யும் பாட்டனாரிடமும், எழுவான்கரையில் வலை வீசும் பெரியப்பாவிடமும் கேட்டு எழுதிக்கொள்வது அது. பொழுது படும் கரை, எழும் கரை என்ற இவ்விரு பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரார் "வாவியின் மேற்குப் பகுதி" என்று தேடிச் சலிப்பர். "படுவான்கரை" என்று தட்டினால் ஊர்களும் கோயில்களும் கூத்துக்களரிகளும் வரிசையாக வரும். ஒரு கொப்பியின் இடப்பக்கத்தில் வீட்டாரும் ஊராரும் சொன்ன சொல்லையும், வலப்பக்கத்தில் அதற்கு ஈடாக நூல்களிலும் பிறமொழிகளிலும் கண்ட சொல்லையும் எழுதி, தேடிப் பார்த்த தேதியையும் கிடைத்ததையும் கிடைக்காததையும் குறித்து வரவேண்டும். கிடைக்காததைக் குறிப்பது முக்கியம். இல்லாவிடில் அடுத்த கிழமையும் அதே சொல்லையே தட்டிக்கொண்டிருப்போம். முதற் பக்கத்தின் முதல் வரியில் "ஊரி" என்று எழுதித் தொடங்கலாம். வீட்டிலே முதியவர் இருந்தால், அது எப்போது குளறும், எந்த மாதத்தில் குளறாது என்று கேட்டு எதிரே குறித்துக்கொள்ளுங்கள்.